அடிவயிறு என்ற ஒரு சொல்

வைத்தியரிடம் அம்மாவுக்காக மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் தெரியும். "அடிவயிறு நோகுது எண்டு சொல்லு" என்பார் அம்மா. அதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை வராது. மகன் என்றால் இன்னும் மோசம். ஆனால் அந்த அடிவயிற்றுக்குள் எது நோகிறது என்பதுதான் வைத்தியருக்குத் தேவை.

கருப்பை கவிழ்த்து வைத்த பேரிக்காய் அளவுதான். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். அதனால்தான் கருப்பையில் சதைக்கட்டி வளர்ந்தால் அடிக்கடி சிறுநீர் வரும். சீனி வருத்தமாக்கும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இருபக்கமும் வாதுமைக்கொட்டை அளவில் சூலகங்கள். பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஊரில் உங்கள் அம்மா உங்களைச் சுமந்த நாட்களிலேயே, பின்னாளில் ரொறன்ரோவில் பிறந்த உங்கள் மகளுக்கான முட்டையும் உங்களுக்குள் இருந்தது.

மாதம் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவர, சுமார் 10 சென்ரிமீற்றர் நீளமான பலோப்பியன் குழாய் அதை ஏந்தும். விந்தணு அதைச் சந்திப்பது இந்தக் குழாயில், கருப்பையில் அல்ல. கரு சில நாட்களில் கருப்பைக்கு வந்து சேரவேண்டும். குழாயிலேயே தங்கி வளர்ந்தால் குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசியும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க வயிற்றுவலி, தலைச்சுற்று, தோள்மூட்டு நோ வந்தால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. உடனே அம்புலன்சை அழையுங்கள்.

கரு தங்காத மாதத்தில் கருப்பையின் உட்படலம் கழன்று வருவதே மாதவிடாய். 'கெட்ட இரத்தம்' என்று ஒன்றும் இல்லை. வராத விருந்தாளிக்கு விரித்த பாய் அது. ஆனால் 12 மாதங்கள் நின்றபின் ஒரு துளி கண்டாலும் "திரும்ப வந்திட்டுது" என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இராது. கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும் என்பதால் காட்டியே ஆகவேண்டும்.

கருப்பையின் ஒடுங்கிய கீழ்முனைதான் கருப்பைக் கழுத்து. இங்கிலாந்தில் 25 முதல் 64 வயதுவரை பெண்களுக்கு வரும் பரிசோதனைக் கடிதம் இதற்காகத்தான். எச்.பி.வி. வைரசு அங்கே புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் எடுக்கும். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்று சொல்லும் காலத்தில்தான் அதைப் பிடித்து நிறுத்தலாம். பெண் தாதி வேண்டும் என்று கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் முன்கூட்டியே கேட்கலாம். அதற்குக் காசு இல்லை. மகனைக் கூட்டிப்போகத் தேவையில்லை.