ஆடை படியும் உலோகம்

காய்ச்சிய பாலை இறக்கி வைத்தால் மேலே ஆடை படிகிறது. பாலிலிருக்கும் புரதமும் கொழுப்புமே மேலே வந்து அப்படி மூடுகின்றன. எடுத்துவிட்டுச் சூடேற்றினால் இன்னொன்று படியும். விமான எஞ்சினின் டர்பைன் பிளேடைக் காக்கும் பூச்சும் இப்படித்தான் இயங்குகிறது.

டர்பைனுக்குள் பாயும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிளேடு செய்யப்படும் நிக்கல் உலோகக்கலவை 1,300 டிகிரியை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். உள்துளைகளில் ஓடும் காற்று அதை உருகவிடாமல் குளிர்விக்கிறது. ஆனாலும் 1,000 டிகிரி அளவில் தகிக்கும் மேற்பரப்பை ஆக்சிஜன் அரித்துக்கொண்டே இருக்கும்.

பால் ஊற்றுவது எப்படி?

அலுமினியத் தூள், அலுமினா (அலுமினிய ஆக்சைடு), சிறிது நவச்சாரம் மூன்றையும் கலந்து, அதற்குள் பிளேடைப் புதைத்துச் சூடேற்றுவார்கள். நவச்சாரம் அலுமினியத்தை ஆவி வடிவில் பிளேடிடம் கொண்டு சேர்க்கும். அங்கே அது நிக்கலுடன் கூடி, சில பத்து மைக்ரான் தடிமனில் பூச்சாகிறது. இதுதான் பால்.

ஆடை படிவது எப்படி?

எஞ்சின் ஓடும்போது பூச்சிலிருக்கும் அலுமினியம் மேலே வந்து ஆக்சிஜனுடன் சேர்ந்து அலுமினாவாகிறது. அந்த அடுக்கு மிக நெருக்கமானது. ஆக்சிஜன் அதைக் கடந்து போவது கடினம். தடிக்கத் தடிக்க, அது வளரும் வேகமும் குறையும்.

கிழிந்தால்?

எஞ்சின் குளிரும்போது உலோகம் அதிகமாகவும் அலுமினா குறைவாகவும் சுருங்குவதால் ஆடை சில இடங்களில் உரிந்துவிடும். பிடிமானத்துக்காகச் சில பூச்சுகளில் துளி இட்ரியமோ ஹாஃப்னியமோ சேர்ப்பார்கள். உரிந்த இடத்தில் அலுமினியம் மறுபடி மேலே வந்து மூடும். ஒவ்வொரு முறையும் பூச்சின் அலுமினிய இருப்பு குறையும். பிளேடின் உள்பக்கமாகவும் கொஞ்சம் கசிந்துபோகும். ஆடையை எடுத்துக்கொண்டே இருந்தால் பால் நீர்த்துப்போவதைப் போலத்தான். அலுமினியம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் நிக்கல் ஆக்சைடு தலையெடுக்கும். அது வேகமாக வளரும், காக்காது.

மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சு?

பல பிளேடுகளில் இட்ரியா கலந்த சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் மேலே பூசப்பட்டிருக்கும். அது வெப்பத்தைத் தடுக்கும். ஆக்சிஜனை உள்ளே விட்டுவிடும். அரிப்பைத் தடுப்பது அதற்கடியில் இருக்கும் மெல்லிய அலுமினாதான்.

ஆகவே, அலுமினிய இருப்பு தீர்வதற்குள் பிளேடைக் கழற்றி, பழைய பூச்சை அமிலத்தில் கரைத்து, புதிதாகப் பூசுகிறார்கள். அப்படிக் கரைக்கும்போது பிளேடின் சுவரும் சற்று மெலியும் என்பதால், ஒரு பிளேடுக்குச் சில முறைதான் மறுபூச்சு செய்ய முடியும்.