தோளில் நட்சத்திரம்! முழங்காலில் நட்சத்திரம்! ரஷிய ஜெயில்களை ஆட்டிப் படைத்த பச்சை

பணம் கொடுத்தால் இன்று யார் வேண்டுமானாலும் உடம்பில் நட்சத்திரம் குத்திக் கொள்ளலாம். கடைக்குப் போய், படத்தைக் காட்டி, "இது நல்லா இருக்கு, இதைக் குத்துங்க" என்று சொன்னால் போதும். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து விடும்.

பழைய சோவியத் நாட்டு ஜெயில்களில் அது நடக்காது. அங்கே நட்சத்திரம் என்பது பதவி. அதைச் சம்பாதிக்க வேண்டும். சம்பாதிக்காமல் குத்திக் கொண்டவன் கையில் ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்து, "நீயே சுரண்டி எடு" என்றார்கள். பச்சையோடு தோலும் சேர்ந்து வந்தது.

எட்டு முனை

அந்த நட்சத்திரத்துக்கு எட்டு முனைகள். ஒவ்வொரு முனையும் பாதி கறுப்பு, பாதி வெறும் தோல். கழுத்து எலும்புக்குக் கீழே, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. சட்டையைக் கழற்றினால் ராணுவ அதிகாரியின் தோள் பட்டை மாதிரி இரண்டும் பளிச்சென்று தெரியும்.

"இவன் சாதாரண ஆள் இல்லை, பெரிய புள்ளி" என்பது அதற்கு அர்த்தம்.

அதே நட்சத்திரத்தை இரண்டு முழங்காலிலும் குத்தியிருந்தால் அர்த்தம் இன்னும் காரமானது. "எவன் முன்னாலும் மண்டி போட மாட்டேன்" என்பதுதான் அது. போலீசுக்கும் மண்டி போட மாட்டான். ஜெயிலருக்கும் மண்டி போட மாட்டான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சோவியத் சர்க்காரின் சின்னமும் நட்சத்திரம்தான். ஆனால் அது ஐந்து முனை சிவப்பு நட்சத்திரம். கொடியிலும், ராணுவத் தொப்பியிலும் அது இருந்தது. சர்க்காருக்கு ஐந்து முனை என்றால், திருடனுக்கு எட்டு முனை!

யார் இந்தப் பெரிய புள்ளி?

ரஷிய மொழியில் இவர்களுக்கு "வோர்" என்று பெயர். "சட்டத்துக்கு உட்பட்ட திருடன்" என்பது முழுப் பட்டம். திருடனுக்கு ஏது சட்டம் என்று கேட்கலாம். இது நாட்டுச் சட்டம் அல்ல. திருடர்கள் தங்களுக்குள் போட்டுக் கொண்ட சட்டம்.

ஸ்டாலின் காலத்து முகாம்களில் இந்தக் கூட்டம் வேரூன்றியது. வோர் ஆக இருப்பவன் வேலை செய்யக் கூடாது. கல்யாணம் செய்து கொண்டு குடும்பம் நடத்தக் கூடாது. சர்க்காருக்கு எந்த விதத்திலும் ஒத்துழைக்கக் கூடாது. ராணுவத்தில் சேருவது பெரும் பாவம். திருடர்களின் பொது நிதிக்குப் பங்கு கொடுத்து வர வேண்டும்.

ஒருவனை வோர் ஆக்குவதற்கு மற்ற வோர்கள் கூடிப் பேச வேண்டும். அவனுக்காக ஜாமீன் போல ஆள் நிற்க வேண்டும். எல்லோரும் ஒப்புக் கொண்டால்தான் "முடிசூட்டு". நட்சத்திரம் அதற்கு அடையாளம்.

பதில் சொல்லு!

புதுக் கைதி ஒருவன் ஜெயில் அறைக்குள் வருகிறான். உள்ளே இருப்பவர்கள் அவன் உடம்பைப் பார்ப்பார்கள். பச்சை இருந்தால் முதல் கேள்வி, "இதுக்கு நீ பதில் சொல்லுவியா?" என்பதுதான்.

எந்த ஜெயிலில் குத்தினான், எந்த வழக்கில் உள்ளே போனான், யார் அனுமதி கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஜெயிலுக்கு ஜெயில் தகவல் போகும். பொய் சொல்லித் தப்ப முடியாது.

மாட்டிக் கொண்டவன் கதி அதோ கதிதான். கண்ணாடித் துண்டு, உப்புத்தாள், செங்கல், எது கிடைக்கிறதோ அதை வைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும். அடி உதையும், அதைவிடக் கேவலமான தண்டனைகளும் உண்டு. கொலையும் நடந்திருக்கிறது.

குத்துகிற விதமும் லேசானது அல்ல. ஜெயிலில் பச்சை குத்துவதற்குத் தடை இருந்தது. ஆகவே பூட்ஸ் ரப்பரை எரித்துக் கரி எடுப்பார்கள். அதில் மூத்திரத்தைக் கலந்தால் அதுதான் மை! கித்தார் கம்பியைத் தீட்டி ஊசி ஆக்குவார்கள். மின்சார ஷேவிங் மிஷினில் அதை மாட்டிக் கொண்டால் வேலை வேகமாக நடக்கும். சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு படுத்தவர்கள் ஏராளம்.

திருடனுக்குத் திருடன் யுத்தம்

இரண்டாம் உலகப் போரின் போது ஜெர்மானியரை எதிர்க்க முகாம் கைதிகள் பலர் ராணுவத்துக்குப் போனார்கள். அவர்களில் திருடர்களும் இருந்தார்கள். போர் முடிந்ததும் பலர் பழைய தொழிலுக்குத் திரும்பி, மறுபடியும் உள்ளே வந்தார்கள்.

நாட்டுக்காகச் சண்டை போட்டவர்கள்தானே என்று மற்ற வோர்கள் மரியாதை கொடுக்கவில்லை. "சர்க்கார் துப்பாக்கியைத் தொட்டவன் துரோகி, பெட்டை நாய்" என்று ஒதுக்கினார்கள். இரு கோஷ்டிக்கும் பயங்கர மோதல். 1945-ம் ஆண்டுக்குப் பிறகு தொடங்கி, 1953-ல் ஸ்டாலின் இறக்கும் காலம் வரை முகாம்களில் கத்திக் குத்து ஓயவில்லை. முகாம் அதிகாரிகளும் ஒரு கோஷ்டியை மற்றதன் மேல் ஏவி விட்டார்கள். போர் முனையில் பிழைத்து வந்த எத்தனையோ பேர் ஜெயில் அறையில் செத்தார்கள்.

படம் வரைந்த வார்டர்

இவ்வளவு விஷயமும் வெளியே தெரிய ஒரு வார்டர் முக்கிய காரணம். பெயர் டான்சிக் பால்டயேவ். 1925-ல் பிறந்தவர். புர்யாத் இனத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தையை "மக்கள் விரோதி" என்று சர்க்கார் கைது செய்தது. மகன் அநாதை இல்லத்தில் வளர்ந்தார்.

விதியைப் பாருங்கள். அதே மகன் 1948-ல் லெனின்கிராடு நகரின் பெயர் பெற்ற "கிரெஸ்தி" ஜெயிலில் வார்டர் ஆனார்! அங்கே கைதிகளின் பச்சைகளைப் பார்த்துப் பார்த்து, அர்த்தம் கேட்டுக் கேட்டு, படம் வரைய ஆரம்பித்தார். தந்தைதான் அவரைத் தூண்டியவர். இதையெல்லாம் இப்போது எழுதி வைக்காவிட்டால் அவர்களோடு சமாதிக்குப் போய்விடும் என்பது அவர் எண்ணம்.

விஷயம் ரகசியப் போலீசுக்கு எட்டியது. தொலைந்தார் மனுஷர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. இந்தப் படங்கள் குற்றவாளிகளை அடையாளம் காண உதவும் என்று தெரிந்ததும், ஆதரவு கொடுத்தார்கள். 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை அவர் வரைந்தார். 2003-ம் ஆண்டு முதல் அவை லண்டனில் புத்தகங்களாக வெளிவந்தன. பால்டயேவ் 2005-ல் காலமானார்.

அந்தப் புத்தகங்களில் நட்சத்திரம் மட்டும் இல்லை. கோபுரத்தோடு தேவாலயம் இருந்தால், கோபுரங்களை எண்ணி எத்தனை தடவை உள்ளே போனான் என்று சொல்லிவிடலாம். நெஞ்சில் லெனின், ஸ்டாலின் படம் குத்தியவர்களும் உண்டு. தலைவர் முகத்தைப் பார்த்தால் சுட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை!

2007-ல் வெளிவந்த "ஈஸ்டர்ன் பிராமிசஸ்" என்ற ஆங்கிலப் படத்தில் கதாநாயகன் விகோ மார்ட்டென்சன், ரஷிய தாதாக்கள் முன் உள்ளாடையோடு உட்கார்ந்து விசாரிக்கப்பட்டு, பிறகு நட்சத்திரம் வாங்குவார். பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

சிக்காகோவில் வேறு கணக்கு

நட்சத்திரத்தின் முனையை எண்ணிப் பார்க்கும் இன்னொரு ஊர் அமெரிக்காவின் சிக்காகோ. 1978 வாக்கில் அந்த மாநில ஜெயில்களில் ரவுடிக் கோஷ்டிகள் இரண்டு பெரும் அணிகளாகத் திரண்டன. ஒரு அணிக்கு ஆறு முனை நட்சத்திரம், மற்றதற்கு ஐந்து முனை. ஒரு முனை கூடினாலும் குறைந்தாலும் எதிரிதான்.

"ஆரஞ்சு"

1991-ல் சோவியத் நாடு சிதறியது. திடீர்ப் பணக்காரர்கள் முளைத்தார்கள். ஜெயிலையே பார்க்காதவன் பணத்தைக் கொட்டி வோர் பட்டம் வாங்கினான். பழைய ஆட்கள் அவர்களை "ஆரஞ்சு" என்று கிண்டல் செய்தார்கள். நட்சத்திரத்தின் மவுசு அங்கேயே இறங்கத் தொடங்கிவிட்டது.

அடுத்த அடி ஜார்ஜியா நாட்டில் விழுந்தது. 2005-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. திருடினானா, கொன்றானா என்று நிரூபிக்க வேண்டாம். வோர் ஆக இருப்பதே குற்றம்!

இதில்தான் போலீசாரின் சாமர்த்தியம். "நீ வோரா?" என்று நேராகக் கேட்டார்கள். தன் பட்டத்தை மறுப்பது திருடர் சட்டப்படி மகா கேவலம். ஆமாம் என்றால் ஜெயில். இல்லை என்றால் மானம் போச்சு. பலர் நாட்டை விட்டே ஓடினார்கள்.

2019 ஏப்ரலில் ரஷியாவும் அதே வழிக்கு வந்தது. குற்றவாளிக் கூட்டத்தில் மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறான் என்று நிரூபணமானால் 8 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை ஜெயில். அபராதம் 50 லட்சம் ரூபிள் வரை போடலாம். இத்தகைய வழக்குகளில் தோளிலும் முழங்காலிலும் உள்ள நட்சத்திரங்களைப் போட்டோ பிடித்து, நிபுணர்களிடம் அர்த்தம் கேட்டு, கோர்ட்டில் வைக்கிறார்கள். ஒரு காலத்தில் யாருடையது அசல் நட்சத்திரம் என்று கைதிகள் விசாரித்தார்கள். இப்போது அதை சர்க்கார் வக்கீல் விசாரிக்கிறார்.