இளைப்பாறிய ஓட்ட நாய்கள்

மனிதன் அறுபதாம் ஆண்டை அண்டிய வயதிலே உத்தியோகத்திலிருந்து இளைப்பாறுகிறான். அரசாங்க சேவையினன் ஆயின் அவனுக்கு ஓய்வூதியம் உண்டு. முதுமையிலே தாங்குவதற்குப் பிள்ளைகளும் இருக்கக்கூடும். கிறேஹவுண்ட் என்னும் ஓட்ட நாயோ மூன்று, நான்கு வயதிலேயே, மிஞ்சினால் ஐந்து வயதிலே இளைப்பாறிவிடுகிறது. அந்தச் சாதி நாய் நன்கு பேணப்படின் பன்னிரண்டு ஆண்டுகள்வரை உயிர்வாழும். ஆகவே அதன் வாழ்நாளில் மூன்றில் இரண்டு பங்கு, பந்தயத்தை நடத்துவோருக்கு யாதொரு பயனும் தராத காலமாகும். அக்காலத்திலே அதற்கு உணவிடுபவர் யார், உறைவிடம் அளிப்பவர் யார் என்பதுதான் நாம் இங்கே ஆராயப்புகும் பொருள்.

நேயர்களுட் பலர் நாய்ப் பந்தயத்தை நேரிற் கண்டிருக்கமாட்டார்கள். பிரித்தானியாவிலே நிகழும் முறையைச் சிறிது கூறுவேன். முட்டை வடிவான மணற்களம் ஒன்று. அதன் ஓரத்திலே கதவுடைய ஆறு கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு நாய். முதலாவதற்குச் சிவப்புச் சட்டை, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு வெள்ளை, நான்காவதற்குக் கறுப்பு, ஐந்தாவதற்குச் செம்மஞ்சள். ஆறாவதற்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்த வரிச்சட்டை. களத்தின் ஓரமாகத் தண்டவாளத்தின்மேல் மின்விசையால் ஒரு பொம்மை முயல் விரைந்து வரும். அது கூடுகளைக் கடந்ததும் கதவுகள் திறக்க, நாய்கள் பாய்ந்து துரத்தும். 480 மீற்றர் தூரத்தை ஏறக்குறைய முப்பது செக்கனில் ஓடி முடித்துவிடும். பந்தயம் அவ்வளவே. அந்த அரை நிமிடத்துக்காகவே பணயப் பணம் கைமாறுகிறது.

பொம்மை முயலைச் செம்மையாக்கி வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஓவன் பற்றிக் சிமித் என்னும் அமெரிக்கர். அவர் 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில் என்னும் ஊரிலே இத்தகைய களமொன்றைத் திறந்தார். உயிர் முயலை விட்டு நாய்களை ஏவும் பழைய விளையாட்டிற் கண்ட கொலையை அவர் வெறுத்தார் என்று சொல்லுவார்கள். ஆக, முயலின்மீது கொண்ட இரக்கமும் இப்பந்தயத்தின் பிறப்பிலே கலந்திருந்தது. நாயைப்பற்றி அப்பொழுது எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. 1926 யூலை 24ஆம் நாள் மன்செஸ்ரர் நகரின் பெல்வியூ களத்திலே பிரித்தானியாவின் முதற் பந்தயம் நிகழ்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அது தொழிலாளர் குடும்பங்களின் மாலைநேரப் பொழுதுபோக்காக நாடெங்கும் பரவிற்று.

அதே ஆண்டிலே அயர்லாந்தில் ஒரு பங்குக் குருவானவர் வளர்த்த நாயொன்று குட்டியீன்றது. அக்குட்டிகளுள் ஒன்றே 'மிக் த மில்லர்' என்று பின்னாளிற் பெரும் புகழ் பெற்ற நாய். 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆங்கில டேர்பி என்னும் தலைமைப் பந்தயத்தை அது வென்றது, தொடர்ச்சியாகப் பத்தொன்பது ஓட்டங்களிலே முதலாவதாக வந்தது, திரைப்படத்திலும் தோன்றியது. 1931இல் இளைப்பாறி, 1939இல் இறந்தது. அதன் உடல் பாடஞ்செய்யப்பட்டு இன்றும் இங்கிலாந்தின் திறிங் நகர் நூதனசாலையிலே நிற்கின்றது. ஓடிய காலம் சில ஆண்டுகள். ஓடாது வாழ்ந்த காலம் எட்டு ஆண்டுகள். புகழ் பெற்ற நாய்க்கு அந்த எட்டு ஆண்டுகளும் கிடைத்தன. ஆறாவதாக வந்த நாய்களின் கதை வேறு.

ஒரு பாடசாலையிலே பிள்ளையைச் சேர்க்கும்போது சேர்வு இடாப்பிலே பெயர் எழுதுகிறோம். அப்பிள்ளை விலகும்போது விலகிய நாளையும் காரணத்தையும் அதே வரியிலே குறித்து, விடுகைப் பத்திரம் கொடுக்கிறோம். சேர்ந்த பிள்ளை எங்கே போயிற்று என்று எவராவது கேட்டால் இடாப்பு விடை சொல்ல வேண்டும். நாய்ப் பந்தய உலகிலே நெடுங்காலமாகச் சேர்வு இடாப்பு மிகத் திறமாகப் பேணப்பட்டது. தாய் தந்தையர் வம்சம் பதியப்பட்டது. காதிலே பச்சை குத்தி எழுத்துகள் பொறிக்கப்பட்டன. ஓடிய ஒவ்வொரு ஓட்டத்தின் நேரமும் செக்கனின் நூற்றிலொரு பங்குவரை எழுதப்பட்டது. விலகிய நாயைப் பற்றிய பத்தியோ வெறுமையாகவே கிடந்தது.

அந்த வெறுமைக்குள் இருந்தது யாது என்பது 2006 யூலையிலே வெளியாயிற்று. இங்கிலாந்தின் வடகிழக்கிலே சீகம் என்னும் ஊரில், ஒருவர் தம் நிலத்திலே பல்லாண்டுகளாக ஓட்ட நாய்களைத் தலையில் இரும்பாணி பாய்ச்சும் துப்பாக்கியாற் கொன்று புதைத்துவந்தார் என்று 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகை செய்தி வெளியிட்டது. ஒரு நாய்க்குக் கூலி பத்துப் பவுண். பதினைந்து ஆண்டுகளிலே பத்தாயிரம் நாய்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அவை நோயுற்றவை அல்ல, வேகம் குறைந்தவை. வழக்கு நடந்தது. அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் அனுமதியின்றி நிலத்திலே கழிவுகளைப் புதைத்தமை என்பதாகும்; தண்டம் 2,000 பவுண். சொந்தக்காரரின் சம்மதத்தோடு துன்பமின்றி நாயைக் கொல்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகாமையால், புதைத்தது ஒன்றே குற்றமாயிற்று. சட்டம் சரியாகவே ஓதப்பட்டது. ஆனால் அவ்வாறு ஓதப்பட்டமையே பொதுசனங்களின் மனத்தைக் கிளறிவிட்டது.

அதன் விளைவாக டொனொகியூ பிரபு நடத்திய ஆய்வின் அறிக்கை 2007இல் வெளிவந்தது. 2010இல் இங்கிலாந்திலே ஓட்ட நாய்களின் நலனுக்கான விதிகள் சட்டமாயின. பந்தயம் நடக்கும்போது மிருக வைத்தியர் ஒருவர் களத்தில் இருத்தல் வேண்டும். தோலின் கீழ் அடையாளச் சில்லுப் பதித்தல் வேண்டும். காயங்களை எழுதி வைத்தல் வேண்டும். இவை நல்ல விதிகளே. ஆயினும் அவை பந்தயக் களத்தோடு நின்றுவிட்டன. நாய் தன் நாளிற் பெரும்பகுதியைக் கழிப்பது பயிற்றுநரின் கொட்டிலிலேயே. அந்தக் கொட்டில் அச்சட்டத்தின் கைக்கு எட்டவில்லை.

காயம் என்றேனல்லவா? அதன் காரணத்தைச் சற்று விளக்குதல் தகும். பந்தய நாய்கள் எப்பொழுதும் இடப்புறமாகவே வளைந்து ஓடுகின்றன. மணிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலே வளைவிற் பாயும்போது வெளிப்புறமுள்ள வலப் பின்னங்காலின் கணுவெலும்பிலே மிகுந்த பாரம் வந்து விழுகிறது. ஓட்டந்தோறும் அதே எலும்பிலே அதே பாரம். இதனாலேதான் அவ்வெலும்பின் முறிவு பந்தய நாய்களுக்கே உரிய நோய்போல் ஆகிவிட்டது. தக்க சிகிச்சை செய்தால் அந்நாய் பந்தயத்திலே ஓடாவிட்டாலும் நடந்து திரிந்து நெடுங்காலம் வாழும். ஆனால் சிகிச்சைக்குப் பணம் வேண்டும். இனி உழைக்காத நாய்க்குப் பணம் செலவிட எல்லாருக்கும் மனம் வருவதில்லை.

பிரித்தானிய கிறேஹவுண்ட் சபை 2018ஆம் ஆண்டு முதலாக ஆண்டுதோறும் கணக்கு வெளியிடத் தொடங்கிற்று. வெறுமையாய்க் கிடந்த பத்தி அப்பொழுதுதான் நிரம்பலாயிற்று. அந்த ஆண்டிலே 4,963 காயங்களும் 932 மரணங்களும் பதியப்பட்டன. சிகிச்சைச் செலவு கருதியே கொல்லப்பட்டவை 175. இக்கணக்கு வெளியானதும் பலரும் வெட்கினார்கள். 2020 செப்டெம்பரிலே புதிய திட்டமொன்று வந்தது. ஒரு நாயைப் பந்தயத்திற்குப் பதியும்போதே, தொடக்கத்திலே 400 பவுண் வைப்பாக ஒதுக்கப்பட்டது. சொந்தக்காரர் பாதியும் சபை பாதியும் கொடுப்பர். நாய் இளைப்பாறி அங்கீகாரம் பெற்ற புகலிடத்துக்குச் செல்லும்போது அப்பணம் அப்புகலிடத்தைச் சேரும். இதனை நாய்க்குரிய சேமலாப நிதி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். செலவு கருதிக் கொல்லப்படும் நாய்களின் தொகை பின்னர் மிகக் குறைந்துவிட்டது. எண்ணத் தொடங்கிய பின்னரே இத்திருத்தம் வந்தது என்பது என் எண்ணம். எனினும் 2024ஆம் ஆண்டிலும் களத்திலேயே உயிரிழந்த நாய்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. வைப்புப் பணத்தால் வளைவை நிமிர்த்த முடியாதல்லவா?

ஆசியாவிலே இக்கதை இன்னுங் கடுமையானது. மக்காவு நகரின் நாய்ப் பந்தயக் களத்துக்கு அவுஸ்திரேலியாவிலிருந்து நாய்கள் கொண்டுவரப்பட்டன. களத்தினுள் புகுந்த நாய் உயிரோடு வெளியேறுவது மிக அரிது என்று விலங்கு நலச் சங்கத்தினர் பல்லாண்டுகளாக முறையிட்டுவந்தனர். 2018 யூலையிலே அந்தக் களம் மூடப்பட்டபோது ஐந்நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் எஞ்சியிருந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. 'அனிமா' என்னும் உள்ளூர்ச் சங்கம் பிறநாட்டுச் சங்கங்களுடன் சேர்ந்து அவற்றை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமுள்ள வீடுகளுக்கு விமானமேற்றி அனுப்பிற்று. அத்தனை நாய்களுக்கும் வீடு தேடலாம் என்று முன்னர் எவராவது சொல்லியிருந்தாற் சிரித்திருப்பார்கள்.

வேறிடங்களிலும் களங்கள் மூடப்பட்டு வருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018 நவம்பரிலே வாக்களித்து, 2020ஆம் ஆண்டு முடிவோடு பந்தயத்தை நிறுத்தினார்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், உயிருள்ள பிராணிகளை இரையாகக் காட்டி நாய்களைப் பழக்கும் கொடுமை 2015இலே தொலைக்காட்சி மூலம் அம்பலமாயிற்று. எமரிவில் களம் திறந்து நூறாண்டு நிறையுமுன்னரே பழைய கொலை மறைவிலே மீண்டிருந்தது. 2016 யூலையிலே அம்மாநிலப் பிரதமர் தடை அறிவித்தார். எதிர்ப்பு மிகவே ஒக்டோபரிலே அதனைக் கைவிட்டார். நியூசிலாந்து அரசாங்கம் 2024 டிசெம்பரிலும், வேல்ஸ் அரசாங்கம் 2025 பெப்ரவரியிலும் பந்தயத்துக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தன. தொழிலை நம்பியிருக்கும் பயிற்றுநர்களின் கவலையும் பொய்யன்று. அவர்களுட் பலர் தம் நாய்களைப் பிள்ளைகளைப்போல் நேசிப்பவர்கள். களத்தை மூடும் நாளிலும் எஞ்சிய நாய்களுக்கு வீடு வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. நியூசிலாந்தில் அத்தொகை மூவாயிரத்தை அண்டியது.

இனி, வீட்டுக்கு வரும் நாயைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறந்தது முதல் கொட்டிலிலே வளர்ந்த அந்த நாய் வீடு என்பதை அறியாது. மாடிப்படியைக் கண்டால் திகைத்து நிற்கும். ஒரு படிக்கு ஒரு காலாகத் தூக்கி வைத்துக் கற்பிக்க வேண்டும். கண்ணாடிக் கதவை வெளியென எண்ணி மோதிவிடும். ஆகவே முதற் சில நாட்களுக்குக் கண்ணாடியிலே காகிதத் துண்டு ஒட்டிவைப்பது வழக்கம். பூனையைக் கண்டால் பொம்மை முயல் நினைவுக்கு வரும். சில நாய்கள் பூனையோடு பழகிவிடும், சில ஒருபோதும் பழகா. ஆதலால் புகலிடத்தார் முன்னரே சோதித்துச் சொல்லுவார்கள். வெளியே செல்லும்போது வாரை அவிழ்த்துவிடலாகாது. அரை நிமிடத்திலே கால் மைல் போய்விடும் பிராணியைக் கூப்பிட்டு மறிப்பது எங்ஙனம்? அதன் கழுத்து தலையைவிடப் பருத்தது. சாதாரணப் பட்டி கழன்றுவிடும். அகன்ற பட்டி தனியாக உண்டு.

தோல் மெல்லியது, உடலிலே கொழுப்பு மிகக் குறைவு. ஆதலின் குளிர் நாட்டிலே அதற்குக் கம்பளிச் சட்டை வேண்டும், வெறுந்தரையிற் படுக்கவும் முடியாது. சில மயக்க மருந்துகளிலிருந்து மற்றைய நாய்களைவிட மிக மெதுவாகவே தெளியும். இதனை மிருக வைத்தியர் அறிந்திருத்தல் வேண்டும். செங்குருதிக் கலங்கள் மிகுந்த இரத்தம் உடையதாதலால், இளைப்பாறிய கிறேஹவுண்ட் பிற நாய்களுக்கு இரத்ததானஞ் செய்வதற்கும் பெரிதும் விரும்பி அழைக்கப்படுகின்றது.

எல்லாவற்றினும் வியப்பு யாதெனின், இத்துணை வேகமுள்ள நாய்க்கு அதிக ஓட்டம் வேண்டியதில்லை. காலையும் மாலையும் சிறு உலா போதும். எஞ்சிய நேரமெல்லாம் தூக்கம். சில நாய்கள் கண்ணைத் திறந்தபடியே தூங்கும். அவ்வேளை தொட்டால் திடுக்கிட்டு உறுமும். ஆதலின் பெயர் சொல்லி எழுப்பிய பின்னரே அணுகுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பார்கள். வந்த புதிதிலே அது மூலையிலே சுருண்டு, தலையை நிமிர்த்தியே படுத்திருக்கும். வாரங்கள் சில செல்லும். பின்பு ஒரு நாள் வீட்டின் நடுவிலே மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கியபடி, வயிறு தெரிய உறங்கும். அன்றுதான் நாய் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அதனை வளர்ப்போர் சொல்லுவார்கள்.