பூட்ஸ் பைக்குள் எட்டிப் பார்த்தேன்!

"அண்ணே, பையைத் திறக்கட்டுமா?" என்று அந்தத் தம்பி கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. பெரியதாழைக் கடற்கரை, மாலை ஐந்து மணி. தூண்டில் வளைவுக் கற்களுக்கு இந்தப் பக்கம் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் செருப்புகளை வைத்துக் கோல் போஸ்ட் ஆக்கிப் பையன்கள் மணல் பறக்க ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தம்பி ஃபார்வர்டு. சீசனுக்கு ஒரு கிளப், இடையிடையே கேரளத்து செவன்ஸ், திருவிழாவுக்கு மட்டும் ஊர். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆட்டத்தைவிட ஆட்டத்தின் பின்கட்டு மேல்தான் மோகம். நாடகம் பார்க்கப் போனாலும் திரைக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். விடுவேனா?

ஜிப் திறந்தது. முதலில் வந்தது வாசனை: வலி தைலம், ஈரத்தோல், வியர்வை மூன்றும் கலந்தது. அப்புறம் இரண்டு ஜோடி பூட்ஸ். ஈரப் புல்லுக்கு நீள ஸ்டட், காய்ந்த தரைக்குக் குட்டி ரப்பர் ஸ்டட். கடற்கரைக்கு? "அதுக்கு நம்ம கால்தான்ணே" என்று சிரித்தான். ஷின் கார்டு, கிரேப் பேண்டேஜ், சாக்ஸ் நழுவாமல் சுற்றும் டேப். ஓரத்தில் அம்மா வைத்தனுப்பிய செபமாலை. அடியில் மூன்று சட்டைகள், மூன்று நிறம், மூன்று ஊர். ஒரு ஃபார்வர்டின் முழு வாழ்க்கையும் என் மடியில் கிடந்தது!

எந்த ஊர் சட்டை போட்டாலும் ஊருக்கு வந்தால் இவன் எங்கள் பையன்தான். இதில் இந்தக் கரையில் யாருக்கும் குழப்பமே கிடையாது. இங்கே அடுத்தவர் வள்ளத்தில் பங்குக்குப் போவதும், மீன் குறைந்தால் வேறு துறைக்குப் போய்த் தொழில் செய்வதும் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதானே.

பேச்சு தானாகவே மைக்கேல் சூசைராஜிடம் போய்விட்டது. கடலோரத்தில் எந்தப் பந்தாட்டக்காரனிடம் பேசினாலும் ஐந்தாவது நிமிடத்தில் அந்தப் பெயர் வரும். குமரி முனையைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி, தூத்தூர் வட்டாரத்து மீனவ ஊர்களில் ஒன்றான இரவிபுத்தன்துறைக்காரர். 1994இல் பிறந்தவர். ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பேர்போன ஊர்கள் அவை. கரைக்கு வந்தால் அத்தனை பேருக்கும் பந்து.

மணலில் ஆடிப் பழகிய கால் எப்படிப்பட்டது என்று அன்றைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மணலில் பந்து உருளாது, பொதிந்து நிற்கும். அதனால் பையன்கள் பாதத்தைப் பந்துக்கு அடியில் கொடுத்து ஒரு சுண்டு சுண்டுகிறார்கள். பந்து முழங்கால் உயரத்துக்கு எழுகிறது. விழுவதற்குள் அடுத்த தொடுதல். ஒவ்வொரு அடிக்கும் மணல் பின்னால் வாரிப்போகிறது, கெண்டைக்கால் இறுகித் தெரிகிறது. இந்தக் காலைக் கொண்டுபோய் ஒழுங்கான புல்தரையில் விட்டால் பறக்காதா என்ன? சூசைராஜ் இடது ஓரத்தில் பந்தோடு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மணல்தான் நினைவுக்கு வரும்.

அவர் முதலில் போட்ட பெரிய சட்டை சென்னை சிட்டி. ஐ-லீக் அணி, 2017-18 சீசனில் கோவை நேரு ஸ்டேடியம்தான் அதன் சொந்த மைதானம். அண்ணன் மைக்கேல் ரெஜினும் அதே அணியில். அந்த சீசன் தொடங்கிய நாட்களில்தான் ஒக்கி புயல் அவர்கள் ஊர்ப் பக்கத்தையே புரட்டிப் போட்டது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த ஊர்களின் பையன்கள் அந்த ஆண்டு பந்து ஆடினார்கள் என்பதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

அடுத்த சட்டை ஜாம்ஷெட்பூர், 2018. அந்த ஓய்வறைக்குள் எட்டிப் பார்க்க நான் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்! மூன்று உலகக் கோப்பைகளில் கோல் போட்ட ஆஸ்திரேலியாவின் டிம் கேஹில் அதே அறையில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் கோவா அணியை ஜாம்ஷெட்பூர் 4-1 என்று சாய்த்தது. அதில் 2 கோல் நம்ம சூசைராஜ். அன்றைக்கு நான் வீட்டில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து "என்னாச்சு தம்பி?" என்று கேட்டார்.

2019இல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டையையும் போட்டாயிற்று. அடுத்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. இங்கேதான் பின்கட்டு ரகசியம். ஸ்பானியப் பயிற்சியாளர் ஹபாஸ் தற்காப்பில் 3 பேரை நிறுத்தி, நடுவே 5, முன்னே 2 என்று ஆடுகிறவர். முன்னே இரண்டு இடமும் ராய் கிருஷ்ணாவுக்கும் டேவிட் வில்லியம்ஸுக்கும். அப்படியானால் சூசைராஜ்? இடது விங்-பேக்! தாக்கப் பிறந்த ஆள் இப்போது ஓரம் முழுவதையும் ஒற்றை ஆளாய்க் காக்க வேண்டும். மேலே போய் கிராஸ் போட வேண்டும், பந்து பறிபோன நொடியில் எழுபது மீட்டர் திரும்பி ஓட வேண்டும். ஊர் ஊராய்ப் போகிற ஃபார்வர்டுகளில் யார் நிலைப்பார், யார் காணாமல் போவார் என்பது இந்த இடத்தில்தான் முடிவாகிறது. 'நான் கோல் அடிக்கிறவன்' என்று முறுக்கிக்கொண்டவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இவர் ஓடினார்.

2020 மார்ச் 14, கோவாவின் ஃபட்டோர்டா. இந்தியன் சூப்பர் லீக் இறுதி ஆட்டம், எதிரே சென்னையின் எஃப்.சி. கொரோனா அச்சத்தால் அரங்கில் ஒரு ரசிகர் கூடக் கிடையாது. ஏ.டி.கே. 3-1 என்று கோப்பையைத் தூக்கியது. தமிழ்நாட்டுக் கடற்கரைப் பையன் சென்னையைத் தோற்கடித்த அணியில்! எந்தப் பக்கம் கத்துவது என்று தெரியாமல் நான் இரண்டு பக்கமும் கத்தினேன். அண்ணன் ரெஜினும் அதே ஏ.டி.கே.யில் என்பது இன்னொரு சர்க்கரை.

எட்டு மாதம் கழித்து, நவம்பர் 20. புது சீசனின் முதல் ஆட்டம், கோவாவின் பாம்போலிம் மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்த சீசனில் அதோடு அவர் ஆடவில்லை. முழங்கால் காயத்துக்குப் பிறகு நடப்பதை யாரும் ஒளிபரப்புவதில்லை. ஐஸ் பை, பிசியோ மேசை, காலை ஒரு அங்குலம் தூக்க அரை மணி நேரம், தனியாக ஜிம் சைக்கிள். ஜன்னலுக்கு வெளியே மற்றவர்கள் பந்து ஆடும் சத்தம் மட்டும் கேட்கும். அதைத் தாண்டி 2022இல் ஒடிசா சட்டையில் அவர் பெயரைப் பார்த்தபோது எழுந்து நின்று கை தட்டினேன். 2 கோல் அடித்த நாளைவிட எனக்கு இது பெரிய நாள்.

இந்தக் கதையின் இத்தாலியப் பதிப்பும் தமிழ்நாட்டுக்கே வந்துபோனது, தெரியுமா? தவீதே சூச்சி. பொலோன்யாவில் பிறந்த ஃபார்வர்டு. பலெர்மோ, படோவா, செசேனா என்று இத்தாலியின் மேல் லீக்கும் இரண்டாம் லீக்குமாக ஏறி இறங்கி, 35 வயதை ஒட்டி 2016இல் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். பயிற்சியாளர் யார்? 2006 உலகக் கோப்பை இறுதியில் கோல் போட்டு, ஜிதானிடம் நெஞ்சில் தலைமுட்டும் வாங்கிய மத்தராட்சி! முந்தைய ஆண்டு கோப்பை வென்ற அணி அந்த ஆண்டு ஏழாம் இடத்தில் முடிந்தது. சூச்சிக்கு சென்னையில் அந்த ஒரு சீசன்தான். ஆனாலும் அவர் பையில் ஏறிய சட்டைகளில் ஒன்று நம்முடையது என்பதே எனக்குப் போதும். இத்தாலிக்காரர்கள் இந்தக் கடலோரத்துக்கு அந்நியரும் இல்லை. பார்மா பக்கத்தில் பிறந்த அந்தோனியோ கிரிமினாலி பாதிரியார் முத்துக்குளித்துறையில் பணியாற்றி 1549இல் வேதாளையில் உயிர்விட்டார். வீரமாமுனிவரும் இத்தாலியிலிருந்து பை தூக்கி வந்தவர்தானே.

ராமன் விஜயனைச் சொல்லாமல் விட்டால் தம்பி என்னை மன்னிக்க மாட்டான். 1997-98 தேசிய லீக்கில் எஃப்.சி. கொச்சின் சட்டையில் மற்ற எல்லோரையும்விட அதிகம் கோல் அடித்த தமிழர். கொல்கத்தாவுக்கும் கொச்சிக்கும் அலைந்த அந்தத் தலைமுறைக்கு ஜி.பி.எஸ். பொருத்திய உள்சட்டையெல்லாம் கிடையாது.

"அடுத்த சட்டை எந்த ஊர்?" என்று கேட்டேன். தம்பி பதில் சொல்லவில்லை. போன் சத்தம் கேட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தான். முகம் மலர்ந்திருந்தது. பையிலிருந்து நீள ஸ்டட் பூட்ஸை மட்டும் எடுத்து, ஸ்டட் இடுக்கில் காய்ந்திருந்த பழைய சேற்றை ஒரு குச்சியால் நோண்ட ஆரம்பித்தான். அதற்குள் பந்து தூண்டில் வளைவைத் தாண்டிக் கடலில் விழுந்தது. "மாமா, பந்து!" என்று சிறுசுகள் கத்த, பூட்ஸை என் கையில் திணித்துவிட்டு அவன் தண்ணீருக்குள் பாய்ந்தான்.