எண்பதுகளின் படங்களும் எங்கள் தெருவும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் தொலைக்காட்சியில் எண்பதுகளின் படம் ஓடினால் வீட்டுப் பெரியவர்கள் இடத்தை விட்டு நகர மாட்டார்கள். அந்தக் காலத்துப் பாட்டுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் ஆடி, கைபேசியில் வெளியிடுகிறார்கள். ரஜினியின் வேகம், கமலின் நடிப்பு, பாரதிராஜாவின் கிராமம், இளையராஜாவின் இசை என்று எல்லோரும் அதைப் பொற்காலம் என்கிறார்கள்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீளும் இந்தப் பகுதியில் வாழும் நாங்களும் அந்தப் படங்களின் ரசிகர்கள்தான். அகஸ்தியா, மகாராணி, பாரத், கிரௌன் தியேட்டர்களில் வரிசையில் நின்று பார்த்தவர்கள்தான். ஆனாலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அந்தப் படங்களில் நாங்கள் யாராக வந்தோம்? 1980-ஐ ஒட்டி வந்த சில படங்களை எடுத்துக்கொண்டு எங்கள் கருத்தை இந்த வாரம் சொல்கிறோம்.

ஒரே கூரை

இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-ல் தமிழ் சினிமாவின் அரசியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்பது அதில் முக்கியமான கருத்து. உட்காரும் இடத்தை அங்கே முடிவு செய்தது டிக்கெட் காசு.

கிராமத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த பல ஊர்களில், டூரிங் கொட்டகை மணலில் எல்லோரும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். நம் மக்கள் சினிமா மீது வைத்த பாசத்துக்கு இது ஒரு பெரிய காரணம். கொட்டகை நம்மை உள்ளே விட்டது. திரை விட்டதா என்பதுதான் கேள்வி.

குப்பம்மாவும் துறைமுகக் கூலியும்

எண்பதுகளின் வாசலில் நிற்கும் படம் துரை இயக்கிய 'பசி'. 1979 டிசம்பரில் வெளிவந்தது. சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கும் குப்பம்மாவாக ஷோபா நடித்தார். தேசிய விருதும் பெற்றார். லாரி டிரைவரை நம்பி ஏமாறும் ஓர் ஏழைப் பெண்ணின் கதை. எங்களுக்குப் பிடித்தது அவள் பேச்சு. அதுவரை மெட்ராஸ் பாஷை என்றால் சிரிக்க வைப்பதற்கு என்றே ஆகியிருந்தது. இந்தப் படத்தில் அதே பாஷையில் ஒரு பெண் அழுகிறாள், ஆசைப்படுகிறாள், மானத்தைப் பற்றிப் பேசுகிறாள். எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுவதைப் போல. குப்பம்மா எந்தச் சாதி என்று படம் சொல்லவில்லை. குப்பையில் கை வைத்துப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் யார் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டதுதான் அந்தக் காலத்துப் படங்களின் வழக்கம்.

1981-ல் வந்த 'தீ', இந்தியில் 1975-ல் வந்த 'தீவார்' படத்தின் தமிழாக்கம். ரஜினி இதில் துறைமுகக் கூலி. மூட்டை சுமப்பவர்களிடம் மாமூல் பறிக்கும் ரவுடிக்குக் காசு தர மறுத்து நிமிர்ந்து நிற்கும் இடத்தில் எங்கள் பகுதித் தியேட்டர்களில் கிளம்பியிருக்கக்கூடிய விசிலைச் சொல்லவும் வேண்டுமா! துறைமுகத்தில் உழைத்த ஒவ்வொரு குடும்பமும் அந்தக் காட்சியைத் தன் கதையாக எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்தக் கூலி சீக்கிரமே மூட்டையை இறக்கி வைத்துவிட்டு கடத்தல்காரனாகி கோட் அணிந்துவிடுகிறான். எங்கள் அப்பாக்கள் மூட்டையோடுதான் நின்றார்கள். 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் வந்தது. மனித முதுகு செய்த வேலையை கிரேன் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. எத்தனையோ வீடுகளின் அடுப்பைத் தொட்ட மாற்றம் அது. அதைச் சொல்லும் படம் அன்று வரவில்லை.

நாயகனின் அப்பா அந்தக் கதையில் தொழிற்சங்கத் தலைவர். முதலாளியின் மிரட்டலுக்குப் பணிந்து தொழிலாளர்களின் பழிக்கு ஆளாகிறார். சங்கத்துக்குள் சாதி என்ற பேச்சே அங்கு கிடையாது. எங்கள் பக்கத்து வரலாறு வேறு. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே உருவானது. 1921-ல் பி அண்டு சி ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சேரவில்லை. எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் மோதல், தீவைப்பு, துப்பாக்கிச்சூடு எல்லாம் நடந்தன. தொழிலாளி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தெருக்கள் இருந்தன என்பதை அந்த ஆண்டு காட்டியது. சினிமாவின் தொழிலாளிக்கு அந்த இரண்டாவது தெரு தெரியாது.

இரண்டு கத்தரிக்கோல்

1980-ல் வந்த இரண்டு படங்களில் முடிதிருத்துபவர் வருகிறார். கே.பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் கமல், வேலை தேடி டெல்லிக்குப் போன பட்டதாரி. பசியோடு அலைந்து, கடைசியில் முடிதிருத்தும் கடையில் வேலைக்குச் சேர்கிறார். அப்பா அதிர்ந்து போகிறார். உழைத்துச் சாப்பிடுவதில் இழிவில்லை என்று படம் முடிகிறது.

மகேந்திரனின் 'ஜானி'யில் ரஜினிக்கு இரட்டை வேடம். அதில் ஒருவர் வித்யாசாகர், முடிதிருத்துபவர். கஞ்சன், தனியாள், ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். நம்பிய பெண் விட்டுப் போனதும் கொலைகாரனாகிறார்.

இரண்டும் நல்ல படங்கள். இரண்டாவதுதான் எங்கள் மனதுக்கு நெருக்கம். படித்த, கௌரவமான குடும்பத்துப் பிள்ளை கத்தரிக்கோலை எடுத்தால் அது தியாகம், புரட்சி என்று கைதட்டுகிறோம். அந்தத் தொழில் பிறப்பால் சுமத்தப்பட்டு, தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் குடும்பங்களுக்கு யார் கைதட்டினார்கள்? அவர்கள் பிள்ளை அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால்தான் அது புரட்சி. மகேந்திரன் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. முடிதிருத்துபவருக்கும் ஒரு தோட்டம், ஓர் ஆசை, ஒரு கோபம் உண்டு என்று காட்டினார். அந்த மரியாதை எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

பண்ணையார் வீட்டு நியாயம்

சண்டைப் படங்களில் 1980 டிசம்பரில் வந்த 'முரட்டுக்காளை'யும் 1982-ல் வந்த 'சகலகலா வல்லவன்' படமும் பெரிய வெற்றி. இரண்டையும் எடுத்தது ஏவி.எம்., இயக்கியவர் எஸ்.பி.முத்துராமன். ரயில் சண்டையை இன்றும் பார்க்கலாம். புத்தாண்டு இரவில் ஊரெங்கும் ஒலிப்பது 'சகலகலா வல்லவன்' பாட்டு.

பாட்டை ரசிப்போம். கதையை ஏற்க மாட்டோம். பணக்கார வீட்டுப் பையன் ஓர் ஏழைப் பெண்ணைப் பலாத்காரம் செய்கிறான். அண்ணனான நாயகன் என்ன செய்கிறான்? அதே பையனுக்கே தங்கையைக் கட்டி வைக்கப் படம் முழுக்கப் பாடுபடுகிறான். நம் கிராமங்களில் இப்படிப்பட்ட கொடுமை நடக்கும்போது பஞ்சாயத்தில் பேசும் நியாயமும் இதுதான்: கல்யாணம் பண்ணி வை, அல்லது காசை வாங்கிக்கொண்டு போ. காவல் நிலையம், வழக்கு, நீதிமன்றம் என்ற வழி ஏழைப் பெண்ணுக்கும் உண்டு என்று அந்தப் படம் நினைக்கவே இல்லை. மாணவிகள் இந்தப் படத்தைப் பார்க்கும்போது இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

காதல் படங்களில் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981) பெரும் பரபரப்பு. பிராமணப் பையன், கிறிஸ்தவப் பெண். கடைசியில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் விட்டெறிகிறார்கள். மதத்தைத் தாண்டிய அந்தத் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். ஆனால் சேரிப் பையன் காதலித்து அவனே கதையின் நடுவில் நிற்பதற்குத் தமிழ் சினிமா நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018-ல்தான் வந்தது.

தண்ணீரும் புகையும்

கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை பாலசந்தர் 1981-ல் 'தண்ணீர் தண்ணீர்' படமாக்கினார். கதை நடக்கும் வறண்ட கிராமத்தின் பெயர் அத்திப்பட்டி. எண்ணூருக்கு அடுத்து அத்திப்பட்டு என்றே ஓர் ஊர் இருப்பதால் எங்களுக்கு அந்தப் பெயர் கூடுதலாக ஒட்டிக்கொண்டது. மக்கள் தாங்களே கால்வாய் வெட்டப் போகிறார்கள், அரசு தடுக்கிறது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருந்த எங்கள் பெண்கள், சரிதாவின் கோபத்தைத் தங்கள் கோபமாகவே பார்த்தார்கள்.

அந்தப் படத்தின் மேல் எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஊரே தண்ணீருக்குத் தவித்தால், முதல் குடம் யாருக்கு என்ற கேள்வி வந்தே தீரும். 1927-ல் மகாத் ஊரில் பொதுக்குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடிப்பதற்கே அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. அத்திப்பட்டியில் அரசாங்கம் எதிரியாகத் தெரிகிறது. ஊருக்குள் இருக்கும் கோடு தெரியவில்லை.

1982-ல் கே.ஹரிஹரன் இயக்கிய 'ஏழாவது மனிதன்' ரகுவரனின் முதல் படம். பாரதி நூற்றாண்டில் வந்ததால் பாடல்கள் பாரதியுடையவை. கிராமத்தைக் கெடுக்கும் சிமெண்ட் ஆலையின் மாசை எதிர்த்து மக்கள் போராடுவது கதை. சுற்றுச்சூழல் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலத்தில் எடுத்த படம். எங்கள் பகுதி மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய படம் நேற்று எடுத்தது போல இருக்கிறது.

வெண்மணி திரைக்கு வந்தபோது

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்டதற்கும், செங்கொடி பிடித்ததற்கும் கிடைத்த தண்டனை அது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவலுக்கு 1977-ல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அந்த நாவலைத் தழுவி ஸ்ரீதர் ராஜன் எடுத்த படம் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983). முதல் பட இயக்குநருக்கான தேசிய விருதும் பெற்றார்.

நாவல் மீது விமர்சனம் உண்டு. பண்ணையாரின் உடற்குறையைப் பெரிதாக்கியதில், கூலிப் பிரச்சினையும் சாதி வெறியும் பின்னுக்குப் போய்விட்டன என்பது அது. எங்களுக்கும் அந்தக் கருத்து உண்டு. இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரே பேசத் தயங்கிய ஒரு கொலைக்களத்தைப் பதினைந்து வருடத்துக்குள் ஒருவர் திரைக்குக் கொண்டுவந்தார். 'முரட்டுக்காளை'யைத் தெரிந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்காவது இந்தப் படத்தின் பெயர் தெரியுமா?

பேர் சொல்லும் காலம்

பிறகு காலம் மெல்ல மாறியது. 1985-ல் விஜயகாந்த் நடித்த 'அலை ஓசை' படத்துக்காக இளையராஜா இசையமைத்த போராட்டப் பாட்டு ஒன்றை, நம் மக்கள் தங்கள் விழாக்களுக்கும் ஊர்வலங்களுக்கும் எடுத்துக்கொண்டார்கள். படம் மறந்தது, பாட்டு நிலைத்தது. எங்கள் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய கானா, தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் சினிமாவுக்குள் நுழைந்தது. பா.இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014), 'சார்பட்டா பரம்பரை' (2021) வந்தபோது எங்கள் தெரு, எங்கள் சுவர், எங்கள் குத்துச்சண்டை எல்லாம் சொந்தப் பெயரோடு திரையில் நின்றன.

இது பெருமைக்காகச் சொல்வது மட்டுமல்ல. வடசென்னை என்றால் ரவுடி, கஞ்சா, கத்தி என்று படங்கள் காட்டியதன் விலையை எங்கள் பிள்ளைகள் இன்றும் கொடுக்கிறார்கள். வேலைக்கான நேர்காணலில் முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை, வாடகைக்கு வீடு கேட்டால் கதவு மூடுவதை அவர்கள் பார்க்கிறார்கள். சேரி என்று காட்டிய இடமெல்லாம் குற்றம் என்று பழக்கப்படுத்திய கண்களுக்கு, அங்கே உழைப்பும் படிப்பும் சங்கமும் இருப்பதைக் காட்டியாக வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய படங்களை வெறுக்க வேண்டாம், ஆனால் கேள்வியோடு பாருங்கள். நாயகன் என்ன வேலை செய்கிறான், அந்த வேலையை ஊரில் யார் செய்கிறார்கள், அவர்கள் பெயர் படத்தில் வருகிறதா என்று கேளுங்கள். ஊரில் அம்பேத்கர் இரவுப் பாடசாலையோ படிப்பகமோ இருந்தால், வரும் டிசம்பர் 25 அன்று வெண்மணி நினைவாக ஒரு படம் போடுங்கள். பார்த்து முடித்ததும் விளக்கைப் போட்டு, வயதானவர்களை முதலில் பேச விடுங்கள். அந்தக் காலத்துப் படங்கள் சொல்லாமல் விட்டது அவர்களிடம் இருக்கிறது.