அரிசி அளவா, பட்டாணி அளவா? குழந்தையின் பிரஷ்ஷில் எவ்வளவு பேஸ்ட் வைக்கலாம்?

டி.வி. விளம்பரங்களில் பிரஷ்ஷின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பேஸ்ட் அலை அலையாகப் படுத்திருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கை, இரண்டு வயதுக் குழந்தையின் குட்டி பிரஷ்ஷிலும் அப்படியே பிதுக்கிவிடுகிறது. குழந்தைக்கோ சரியாகத் துப்பத் தெரியாது. பேஸ்ட்டில் பழ வாசனையும் இனிப்பும் வேறு. பாதி, வயிற்றுக்குள் போய்விடும்.

விழுங்கினால் என்ன ஆகும்?

பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு, பல்லின் மேற்பரப்பில் வேலை செய்கிறது. இனிப்பு சாப்பிட்டதும் வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்கி எனாமலை அரிக்கும். அந்த அரிப்பைச் சரிசெய்து, சொத்தை விழாமல் தடுப்பது ஃப்ளோரைடுதான்.

அதே ஃப்ளோரைடு அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போனால் சிக்கல். பால் பற்கள் மட்டும் வெளியே தெரியும் வயதில், நிலைப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். சுமார் எட்டு வயது வரை இது நடக்கும். அப்போது தொடர்ந்து அதிகமாக விழுங்கும் ஃப்ளோரைடு, ரத்தம் வழியே சென்று எனாமல் உருவாவதைப் பாதிக்கும். பிறகு முளைக்கும் பற்களில் வெள்ளைக் கோடுகள் தெரியும். பாதிப்பு அதிகமானால் பழுப்புக் கறையும் குழியும் விழும். இதுதான் பல் ஃப்ளோரோசிஸ். எவ்வளவு தேய்த்தாலும் இந்தக் கறை போகாது.

அதற்காக ஃப்ளோரைடு பேஸ்ட்டையே ஒதுக்கிவிட்டால், சொத்தைப் பல்லும் வலியும்தான் மிஞ்சும். அளவாகப் பயன்படுத்தினால் போதும்.

* முதல் பல் முளைத்ததிலிருந்து 3 வயது வரை: ஓர் அரிசி அளவு.
* 3 முதல் 6 வயது வரை: ஒரு பட்டாணி அளவு.
* காலை, இரவு இரண்டு வேளையும் பெரியவர்களே பேஸ்ட் வைத்து, கூட நின்று தேய்த்துவிட வேண்டும்.
* நுரையைத் துப்பப் பழக்குங்கள். பேஸ்ட் டியூப் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

தண்ணீரையும் கவனியுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. அதனால்தான் அங்கே காவிரி நீரைக் கொண்டுசெல்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃப்ளோரைடு இருக்கலாம். வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதி என்கிறது இந்தியத் தர நிர்ணயம். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது; தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடவே செய்யும். போர்வெல் தண்ணீரில் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கும் வீடுகள் இதை மறக்கக் கூடாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். ஃப்ளோரைடு அதிகம் என்று தெரிந்தால், குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீருக்கு மாறுங்கள். எந்த பேஸ்ட் வாங்கலாம் என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

இன்று இரவு குழந்தைக்குப் பல் தேய்க்கும்போது, விளம்பரத்தை மறந்துவிட்டு அரிசியை நினைத்துக்கொள்ளுங்கள்.