மூடுபனியில் ரேஞ்ச்ஃபைண்டர்: எந்த லென்ஸ், ஏன்?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ முதல் ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கமரா வாங்குகிறவர், பெரிய துவார லென்ஸுக்குக் கொட்டும் காசைத் தெளிவான வியூஃபைண்டருக்குக் கொடுப்பதே மேல். கமராவின் முகப்பில் சில சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சாளரங்கள் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணங்களில் பார்க்கின்றன. லென்ஸைத் திருப்பத் திருப்ப, வியூஃபைண்டரில் தெரியும் இரட்டை உருவம் நெருங்கும். ஒன்றாகச் சேருமிடமே ஃபோகஸ். சாளர இடைவெளி கூடினால் துல்லியமும் கூடும். பழைய கமராவில் இந்த அமைப்பு விலகியிருக்கிறதா? லென்ஸை முடிவிலியில் வைத்து, வானம் தெளிந்த காலையில் தூரத்துச் சிவனொளிபாத மலையைப் பாருங்கள். உச்சி இரண்டாகத் தெரிந்தால் பழுதுபார்ப்புச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

மூடுபனியில் வெளிச்சம் போதாதே, எஃப்/1.4 போன்ற பெரிய துவாரம் வேண்டாமா என்பார்கள். பனி வெளிச்சத்தைவிட ஒளி-நிழல் வேறுபாட்டைத்தான் அதிகம் தின்கிறது. மங்கிய தேயிலைச் சரிவில் இரட்டை உருவமே கண்ணுக்குப் பிடிபடாது. லென்ஸ் துவாரம் பெரிதானாலும் வியூஃபைண்டர் காட்சி மாறப்போவதில்லை. அங்கே இரட்டை உருவத்தை நம்பாமல் 35 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் 5 மீட்டருக்கு வைத்தால், ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம்வரை கூர்மை கிடைக்கும். கொழுந்துக் கூடையும் பின்மலையும் அதற்குள் அடங்கும். தோட்டத் தொழிலாளரின் லயன் அறைக்குள் கதை வேறு. 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2, ஒன்றரை மீட்டர் தூரம் என்றால் கூர்மை சுமார் 11 செ.மீ. மட்டுமே. ரேஞ்ச்ஃபைண்டர் தன் விலையைச் சம்பாதிப்பது அங்கேதான். (1879இல் இம்மலைகளில் மறைந்து பொகவந்தலாவையில் அடக்கமான ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் மங்கலையே தன் பாணியாக்கியவர்; இந்தக் கணக்கை அவர் மதித்திருக்கமாட்டார்.) மலையக ஈரத்தில் இன்னொரு பகை பூஞ்சணம். லென்ஸின் பின்புறமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய இழைகள் படர்ந்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.